லிம்போமாவுக்கு எந்த மருத்துவமனை? சிகிச்சையின் கட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி

லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்பது ஒரு கட்சி. "இந்த டாக்டரே நல்லா பார்க்கிறார், எதுக்கு அலையணும்" என்பது இன்னொன்று. எங்கள் அத்தைக்கு நோய் தெரிந்தபோது இந்த வாக்குவாதம் நான்கு நாள் ஓடியது. அந்த நான்கு நாளில் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை, பயாப்ஸி ஸ்லைடை (கட்டியிலிருந்து எடுத்த துண்டைப் பதித்த கண்ணாடியை) இன்னொரு நிபுணர் பார்க்க அனுப்புவது, யாருக்கும் தோன்றவில்லை. சண்டை முழுக்க கட்டடத்தைப் பற்றியே இருந்தது. சிகிச்சையில் எந்தக் கட்டத்துக்கு எந்த இடம் தேவை என்று யோசித்திருந்தால் பாதி சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. நோயாளியோடு கூடப் போய், ஃபைலைச் சுமந்து, கேள்வி கேட்டுக் கற்றுக்கொண்டவன். கீழே உள்ளவற்றை உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன

அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்தில் பதிவாகிறது. அதை வைத்து லிம்போமா பற்றிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மையங்களிலும், வருடத்துக்கு நிறைய லிம்போமா நோயாளிகளைப் பார்க்கும் மையங்களிலும் சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதே அவற்றில் பெரும்பாலும் தெரியும் போக்கு.

இதைப் படித்தவுடன் பெட்டியைக் கட்டிவிட வேண்டாம். தூரத்தில் இருக்கும் பெரிய மையத்துக்கு யாரால் போக முடிகிறது? எழுந்து நடக்கத் தெம்பு இருப்பவர், கையில் கொஞ்சம் பணம் இருப்பவர், கூட வர ஆள் இருப்பவர். மூச்சுத் திணறலோடு அவசரமாகச் சேர்க்கப்படுபவர் அருகில் இருக்கும் மருத்துவமனையில்தான் சேர்கிறார். ஆக, பெரிய மையத்தின் கணக்கில் கொஞ்சம் தெம்பான நோயாளிகள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் வயது, நோயின் நிலை, காப்பீடு, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரின் தெம்பை எந்தத் தரவுத்தளமும் முழுதாகப் பதிவுசெய்வதில்லை.

அப்படிக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அது மருந்துப் புட்டியில் இல்லை. "பரவலான பெரிய பி-செல் லிம்போமா" என்ற வகைக்கு ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு சைக்கிள் (சுற்று); எங்கே போனாலும் அதே மருந்துகள்தான். நோயின் பெயரைச் சரியாக வைப்பது, மருந்தை முழு அளவில் உரிய நாளில் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் உடனே பிடிப்பது, முதல் மருந்து தோற்றால் அடுத்த வழியைத் தாமதமில்லாமல் திறப்பது: வித்தியாசம் இந்த நான்கு இடங்களில்தான் விளைகிறது.

படி 1: ஆளுக்கு முன்னால் ஸ்லைடை அனுப்புங்கள்

லிம்போமா ஒரே நோய் இல்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சிலவற்றுக்கு வருடக்கணக்கில் மருந்தே தேவைப்படாது; சிலவற்றுக்கு இந்த வாரமே மருந்து ஏற வேண்டும். வகை மாறினால் மருந்து மாறும். அதனால் முதல் கேள்வி: ரிப்போர்ட்டில் உள்ள பெயர் எவ்வளவு உறுதி?

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களை மட்டும் வைத்து லிம்போமாவின் வகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போதாது. செல்கள் நெறிக்கட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் தெரிய வேண்டும். முடிந்த இடங்களில் கட்டியை முழுதாக எடுத்துப் பார்ப்பதே சிறந்தது. உள்ளே ஆழத்தில் இருந்தால் தடித்த ஊசியால் திசுத்துண்டாக எடுப்பார்கள். ஊசி உறிஞ்சல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாராவது கீமோ ஆரம்பிக்கலாம் என்றால், "முழு பயாப்ஸி ஏன் வேண்டாம்?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டு. வீக்கம் குறையட்டும் என்று நல்ல எண்ணத்தில் யாரோ மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். லிம்போமா ஸ்டீராய்டுக்குச் சட்டென்று சுருங்கும். அப்புறம் எடுக்கும் துண்டில் நோயின் அடையாளமே மங்கிப்போகலாம். மூளையில் வரும் லிம்போமாவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாவிட்டால் பயாப்ஸி முதலில், ஸ்டீராய்டு பிறகு.

சரி, பயாப்ஸி ஆயிற்று. இப்போது இரண்டாவது கருத்து. பிரான்ஸ் நாடு 2010-இல் ஓர் ஏற்பாடு செய்தது: புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு லிம்போமா மாதிரியையும் லிம்போமாவிலேயே தேர்ந்த பெத்தாலஜிஸ்டுகள் மறுபடி பார்க்க வேண்டும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதலில் சொன்னதும் நிபுணர் சொன்னதும் வேறுபட்டது. அந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை சிகிச்சையையே மாற்றக்கூடியவை. இங்கே இடம் மாறியது நோயாளி இல்லை, ஒரு கண்ணாடிச் சில்லும் ஒரு மெழுகுக் கட்டியும்தான். லிம்போமா சிகிச்சையில் இவ்வளவு குறைந்த அலைச்சலில் இவ்வளவு பெரிய பலன் தரும் வேலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

லேபில் கேட்க வேண்டியது "பிளாக்". கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறிய சதுரம் அது. விரல் நுனியில் அடங்கிவிடும். எங்களுக்குக் கவுண்டரில் நடந்தது இது:

"ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே சார்?"

"ரிப்போர்ட் இருக்கும்மா. பிளாக்கும் ஸ்லைடும் வேணும், வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

"அதெல்லாம் வெளியே கொடுக்க மாட்டோம்."

கொடுப்பார்கள். சிகிச்சை தரும் டாக்டரின் கடிதம், நோயாளியின் கையெழுத்து, திருப்பித் தருவதாக ஒரு வரி, இவ்வளவும் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். முழு பிளாக்கைத் தரத் தயங்கினால், அதிலிருந்து சாயம் ஏற்றாத ஸ்லைடுகள் பத்துப் பதினைந்து வெட்டித் தரச் சொல்லலாம். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். மெழுகு உருகும்; இதைச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை.

பெரிய பி-செல் வகை என்று வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "மிக், பிசிஎல்-2 மரபணு மாற்றத்துக்கு ஃபிஷ் பரிசோதனை செய்தாயிற்றா?" இரண்டும் சேர்ந்து மாறியிருந்தால் டபுள்-ஹிட் என்பார்கள். அதற்கு ஆர்-சாப் போதாது என்று பல நிபுணர்கள் நினைக்கிறார்கள். நான்கு நாள் இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றும் வேறொரு கூட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அதைத் தர வசதியும் பழக்கமும் உள்ள இடம் வேண்டும்.

படி 2: உங்கள் வகைக்கு எவ்வளவு பெரிய இடம் தேவை

பெயர் உறுதியானதும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இது அவசரமா, நிதானமா? வழக்கமானதா, அரிதா?" இந்த இரண்டு பதில்களிலேயே மருத்துவமனைத் தேர்வு முக்கால்வாசி முடிந்துவிடும்.

மெதுவாக வளரும் ஃபாலிக்குலர் வகை, கட்டி சிறிது, தொந்தரவு இல்லை என்றால் மருந்தே இல்லாமல் கவனித்து வருவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. அதற்கு ஒரு நல்ல ரத்தநோய் நிபுணர் பக்கத்திலேயே இருந்தால் போதும். ஒருமுறை பெரிய மையத்தில் கருத்து கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

பர்கிட் லிம்போமா இதற்கு நேர் எதிர். ஓரிரு நாளில் செல்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் நோய் அது. அடுத்த மாதம் அப்பாயின்ட்மென்ட் தரும் புகழ்பெற்ற நிபுணரைவிட, இன்றைக்கே படுக்கையும் ஐசியூவும் டயாலிசிஸும் தரும் இடம் மேல். மருந்து ஏறியதும் செல்கள் கூட்டமாக உடைந்து பொட்டாசியமும் யூரிக் அமிலமும் எகிறும், சிறுநீரகம் நின்றுபோகலாம். அதைத் தடுக்க ராஸ்பூரிகேஸ் என்ற ஊசி உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ஆகாது. இதெல்லாம் கை பழகியவர்கள் இருக்கும் இடத்தில் நடக்க வேண்டிய வேலை.

மூளை லிம்போமாவுக்கு உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பார்கள். மருந்து ஏறிய பிறகு ரத்தத்தில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாள்தோறும் அளந்து, அதற்கேற்ப அதன் நச்சை முறிக்கும் மருந்து தர வேண்டும். ஆகவே, "மெத்தோட்ரெக்ஸேட் அளவு இங்கேயே பார்ப்பீர்களா, ரிசல்ட் அன்றைக்கே வருமா?" என்று கேளுங்கள். சாம்பிளை வெளியூருக்கு அனுப்பி இரண்டு நாள் காத்திருக்கும் இடத்தில் இந்தச் சிகிச்சை வேண்டாம்.

டி-செல் வகைகள், மேன்டில் செல், டபுள்-ஹிட் ஆகியவற்றுக்கும் திட்டம் போடும் வேலையாவது அனுபவம் மிகுந்த மையத்தில் நடக்கட்டும்.

ஹாட்ஜ்கின் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் குணமாகும் நோய் என்பதால் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் இதில் நடுவில் எடுக்கும் பெட்-சிடி ஸ்கேன்தான் திசைகாட்டி. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இரண்டு சைக்கிள் ஏபிவிடி (ஹாட்ஜ்கினுக்கான நான்கு மருந்துக் கூட்டு) முடிந்து ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மிச்ச சைக்கிள்களில் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ப்ளியோமைசினை விட்டுவிடலாம் என்று காட்டியது. சுத்தமா இல்லையா என்பதை 1 முதல் 5 வரையிலான டோவில் மதிப்பெண்ணால் சொல்வார்கள். கட்டியின் ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிட்டுத் தருவது. 3-க்கும் 4-க்கும் இடையில் படிப்பவரின் கண்தான் தீர்ப்பு. அந்த ஒரு எண்ணில் ஒரு மருந்து போகலாம், கடுமையான மருந்து வரலாம். ரிப்போர்ட்டில் டோவில் எண் எழுதப்படவில்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டை வாங்கி வைத்துக்கொண்டால் இன்னொருவரிடம் காட்ட முடியும்.

படி 3: கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கீமோ அறையைப் பாருங்கள்

பளபளக்கும் வரவேற்பறையிலிருந்து எதுவும் தெரியாது. டே கேர் வார்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நிறைய தெரியும்.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறும்போது கவனியுங்கள். நல்ல வார்டில் நர்ஸ் கையில் உள்ள பையின் பெயரையும் நோயாளியின் கைப்பட்டையையும் சத்தமாகப் படித்து ஒப்பிடுவார். இன்னொரு நர்ஸ் வந்து மறுபடி படிப்பார். "உங்க பேர் சொல்லுங்க" என்று நோயாளியிடமே கேட்பார்கள், பத்தாவது தடவையாக இருந்தாலும். ஊசிக்குழாயில் ரத்தம் பின்னுக்கு வருகிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே மருந்து உள்ளே போகும். அந்தச் சிவப்பு மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அதனால் பாதி ஏறும்போதும் வந்து "எரியுதா?" என்று கேட்பார்கள். இந்தச் சடங்கு அலுப்பாகத் தெரியும். இது நடக்காத இடம்தான் எனக்குப் பயம்.

இன்னொரு அடையாளம் வின்கிறிஸ்டின். ஆர்-சாப் மருந்துகளில் ஒன்று. ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டியது. தவறுதலாக முதுகுத்தண்டு நீருக்குள் போனால் உயிர் பிழைப்பது அரிது. சிரிஞ்சில் வைத்தால் தண்டுவட ஊசியோடு குழம்பிவிடும் என்பதால், சிறிய பையில் கலந்தே தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் வார்டில் அது பையில் தொங்குகிறதா, சிரிஞ்சில் வருகிறதா? ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

முதல் சைக்கிளுக்கு முன்பு நடக்க வேண்டியவை: ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை இரண்டு (மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி). ஆர்-சாப்பில் உள்ள ரிட்டக்ஸிமாப் ஏறினால் உறங்கிக் கிடக்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலைச் சிதைக்கலாம். இதய எக்கோ. இனி குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டிய வயது என்றால் விந்து அல்லது கருமுட்டையைச் சேமிப்பது பற்றிய பேச்சு. இவற்றை நீங்கள் கேட்காமலே ஒரு மருத்துவமனை செய்தால், அது சிறியதாக இருந்தாலும் எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரும்.

கடைசியாக ஒரு கேள்வி: "ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?" ஒரு எண்ணைக் கையில் எழுதிக் கொடுத்தால் சரி. "எமர்ஜென்சிக்கு வாங்க, பாத்துக்கலாம்" என்றால், அந்த எமர்ஜென்சியில் இருப்பவருக்குக் கீமோ நோயாளியின் காய்ச்சல் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

இதை ஏனோ யாரும் நோயாளியிடம் எடுத்துச் சொல்வதில்லை. ஒரே இடத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஸ்லைடு மறுபரிசீலனையும் சிகிச்சைத் திட்டமும் பெரிய மையத்தில், கீமோ வீட்டுக்கு அருகில், நடு ஸ்கேன் முடிந்ததும் மறுபடி பெரிய மையத்தில் ஒரு சந்திப்பு. வழக்கமான வகை லிம்போமாவுக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. 21 நாள் சைக்கிள் பயணத்தாலும் படுக்கை கிடைக்காததாலும் 28 ஆகி, அடுத்தது 30 ஆனால், பெரிய மையத்தின் பெயரால் கிடைத்த லாபம் கரைந்துபோகும். குணப்படுத்தும் நோக்கத்தில் தரும் கீமோவில் முழு அளவும் உரிய நாளும் முக்கியம்.

இப்படிப் பிரிக்கும்போது இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் தகவல் நழுவும். அதற்கு ஒரு பக்கத் தாள் போதும். நோயின் முழுப் பெயர், நிலை, மருந்துகளும் அளவும், எந்த நாளில் எந்தச் சைக்கிள், எந்த ரத்த அளவில் மருந்தைத் தள்ளிப்போடலாம், எப்போது ஸ்கேன், யாரை அழைப்பது. பெரிய மைய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நோயாளியின் பையிலேயே வையுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் எந்த விசுவாசமும் வேண்டாம். கீமோ முடிந்த ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் காலம். ஒரே தடவை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது அவசரம். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது இலக்கு. பெரிய மையம் மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தால் அங்கே ஓடாதீர்கள். பக்கத்து மருத்துவமனைக்குப் போய், "கீமோ எடுத்து பத்து நாள் ஆகுது, வெள்ளணு கம்மியா இருக்கும், ஆன்டிபயாடிக் உடனே வேணும்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 5: இடம் மாறியே ஆக வேண்டிய நேரம்

முதல் சிகிச்சை வேலை செய்யவில்லை, அல்லது முடிந்து 12 மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது என்றால், எந்த மையம் என்ற கேள்வியின் எடை பல மடங்கு கூடிவிடுகிறது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும், கார்-டி என்ற செல் சிகிச்சையும் எல்லா இடத்திலும் கிடைப்பவை அல்ல. பெரிய பி-செல் லிம்போமாவுக்கான முதல் கார்-டி சிகிச்சை அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றது. சீக்கிரமே திரும்பிய நோய்க்கு, இரண்டாம் கட்டத்திலேயே கார்-டி கொடுப்பது வழக்கமான ஸ்டெம் செல் பாதையைவிடப் பலன் தரலாம் என்று 2021 இறுதியிலும் 2022-இலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின.

இங்கே நேரம்தான் எல்லாமே. கார்-டிக்கு நோயாளியின் சொந்த டி-செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களை) ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்துவார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். செல்களை எடுப்பதற்குச் சற்று முன்னால் பெண்டாமஸ்டின் போன்ற மருந்து ஏறியிருந்தால் அந்த டி-செல்கள் நைந்துபோயிருக்கும். ஆகவே இரண்டாம் கட்ட மருந்தின் முதல் பாட்டில் தொங்குவதற்கு முன்பே, "கார்-டி அல்லது டிரான்ஸ்பிளான்ட் மையத்துக்கு இப்போதே ஒரு ரெஃபரல் தர முடியுமா?" என்று கேளுங்கள். போய்ப் பார்த்துவிட்டு, தேவைப்படாது என்று சொன்னால் திரும்பி வரலாம். மூன்றாவது மருந்தும் தோற்ற பிறகு போனால் செய்ய முடிவது குறைவு.

அந்த மையங்களில் பழக்கம் எப்படி உயிர் காக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கார்-டி ஏறிய பிறகு தினமும் நோயாளியிடம் ஒரு தாளை நீட்டி ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்று வரை நேர்கோட்டில் போன எழுத்து இன்று கீழே சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், நரம்பு மண்டலம் பாதிக்கப்பட ஆரம்பித்திருக்கலாம். நூறிலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணச் சொல்வதும் இதற்குத்தான். பேசும்போது தெளிவாகத்தான் இருப்பார். காகிதம் முதலில் காட்டிக்கொடுத்துவிடும். இதைத் தினமும் பார்த்துப் பழகிய நர்ஸ் அந்தத் தாளோடு டாக்டரைத் தேடி ஓடுவார். முதல்முறை பார்ப்பவர், தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடலாம்.

2023-இல் வந்த இரட்டை இலக்கு ஆன்டிபாடி மருந்துகளில் (எப்கோரிடாமாப், குளோஃபிடாமாப்) படி 4 மறுபடி கைகொடுக்கும். முதல் சில ஊசிகள் மட்டும் அளவைப் படிப்படியாக ஏற்றி, கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை. அதைத் தாண்டிவிட்டால், இரண்டு மையங்களும் ஒத்துழைத்தால், மீதியை அருகிலேயே போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி சைக்கிள் முடிந்த மகிழ்ச்சியில் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கீமோ தந்த இடத்திலிருந்து ஒரு சிகிச்சைச் சுருக்கம் வாங்குங்கள். கழுத்திலோ மார்பிலோ கதிர்வீச்சு தந்திருந்தால் எங்கே, எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும். பின்னாளில் தைராய்டு பரிசோதனையையும், இளம் வயதில் மார்புக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையையும் அதை வைத்துத்தான் திட்டமிடுவார்கள். டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற எண்ணும் கட்டாயம் வேண்டும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று கணக்கு. ஆறு சைக்கிள் ஆர்-சாப் முழு அளவில் என்றால் 300 வரும். இந்த மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும். எங்கள் அத்தை அந்த எண்ணை ஒரு சிறிய அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறார். போன மாதம் எக்கோ எடுக்கப் போன இடத்தில் இதய டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.